நோயாளியிலிருந்து மருந்துக்கு: மருந்தியலின் அடிப்படைகளைப் பயிலும் முறை

பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்புக்கென இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட பாடத்திட்டத்தில், மருந்தியல் என்னும் சாஸ்திரத்துக்கு மூன்றாம் பருவத்தில் 20 மணி நேரமும் நான்காம் பருவத்தில் 60 மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இந்த எண்பது மணி நேரத்துக்குள் இருதயம் முதல் தோல் வரை ஒவ்வோர் அவயவத்துக்கும் உரிய மருந்துகளின் பெயரும் அளவும் செலுத்தும் வழியும் குணமும் தோஷமும் மனத்தில் ஏறியாக வேண்டும் என்ற நிலையில், மாணவர்களுள் பெரும்பாலோர் கைக்கொள்ளும் உபாயம், அட்டவணை போட்டு, இரவு விழித்து, உருப்போடுவதுதான். அவ்வாறு உருப்போட்டது பரீட்சை மண்டபம் வரையில் கூட வரும்; வார்டுக்குள் துணை வராது. ஆகவே இந்த அத்தியாயத்தில் வேறொரு மார்க்கத்தைச் சொல்ல முற்படுகிறேன். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெய்யாகவே வந்து படுக்கிற நோயாளியிடம் தொடங்கி, அவருக்குக் கொடுக்கப்படும் மருந்தை நோக்கிப் போவதே அந்த மார்க்கம்.

இதற்குத் திருவள்ளூர் ஜில்லாவைக் காட்டிலும் நல்ல பாடசாலை அமைவது அரிது. மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்து வயல்கள். கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் கடலும். வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும், அவற்றில் உழைக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து வாடகை அறைகளில் நெருங்கி வாழும் தொழிலாளரும். பூச்சிமருந்தைக் குடித்தவர், பாம்பு தீண்டியவர், காசநோயாளி, சர்க்கரை நோயாளி, உலை வெப்பத்தில் வாடியவர் என்று மருந்தியலின் முக்கியமான அத்தியாயங்கள் யாவும் ஒரே ஜில்லாவின் வெளிநோயாளர் வரிசையில் நிற்கின்றன.

நோயாளியிடம் போகுமுன் இரண்டு கேள்விகளை மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது ஒன்று. மருந்து உடலை என்ன செய்கிறது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை நான்கு படிகளாக அமையும்: மருந்து உறிஞ்சப்படுகிறது, பரவுகிறது, பெரும்பாலும் கல்லீரலில் உருமாறுகிறது, பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. திருவள்ளூரில் எழுந்தருளியிருக்கும் பெருமாளை வைத்திய வீரராகவர் என்று வழங்குவதும், பிணி தீர வேண்டிக்கொள்வோர் அந்தக் கோயிற் குளத்தில் வெல்லம் கரைப்பதும் ஜில்லாவாசிகள் அறிந்தவை. கட்டியாக இட்ட வெல்லம் கரையத் தாமதிப்பதையும் பொடித்து இட்டது உடனே மறைவதையும் கவனித்தவருக்கு, ஒரே மருந்து மாத்திரையாகக் கொடுக்கப்படும்போது மெல்லவும் திரவமாகக் கொடுக்கப்படும்போது விரைவாகவும் வேலை செய்வதன் காரணம் விளக்காமலே விளங்கும். இதிலிருந்து வார்டுக்கு உரிய விதியொன்றும் பிறக்கிறது. பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையையும், வயிற்று அமிலம் தாக்காதபடி மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரையையும், ரைல்ஸ் டியூப் போட்டிருக்கும் நோயாளிக்காகப் பொடித்துக் கரைத்துவிடக் கூடாது. பொடித்தால் முன்னதில் நாள் முழுவதற்குமான அளவு ஒருங்கே ரத்தத்தில் சேரும், பின்னதில் மருந்தே கெடும். நெஞ்சுவலிக்காரரின் நாவின் அடியில் சார்பிட்ரேட் வைக்கப்படுவதும் இந்தப் பாடத்தைச் சேர்ந்ததே. விழுங்கினால் அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் முதற்கடப்பிலேயே அழித்துவிடும். நாவடி நாளங்கள் கல்லீரலைத் தொடாமல் மருந்தை நேரே இருதயத்துக்குக் கொண்டுபோகும்.

இனி நோயாளிகளிடம் வருவோம். முதலில் காசநோயாளியை எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் சற்று அதிக நேரம் தங்கவும் போகிறேன். ஏனெனில் இந்த நோயின் மருந்தியலுக்குச் சென்னையும் இந்த ஜில்லாவும் உலகத்துக்கே பாடம் சொல்லியிருக்கின்றன. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் காசநோய் ரசாயன சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தி, அதை நடத்தும் பொறுப்பை வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியரிடம் ஒப்புவித்தன. சானடோரியத்தில் படுத்து, நல்ல உணவும் ஓய்வும் பெற்றால்தான் காசம் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரைத் தத்தம் குடிசையிலும் வைத்து, இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில், வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு சானடோரியங்களின் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நர்ஸுக்கு அதில் உள்ள செய்தி வேறு: வீட்டில் இருக்கும் நோயாளியைக் குணப்படுத்துவது தவறாமல் விழுங்கப்பட்ட மாத்திரை, அது விழுங்கப்பட்டதா என்று வீடு தேடிச் சென்று பார்ப்பதும் சிகிச்சையின் ஓர் அங்கம். நோயாளி கண்ணெதிரே மாத்திரையை விழுங்கச் செய்யும் முறை 1999 முதல் திருவள்ளூர் ஜில்லாக் கிராமங்களில் இதே நிலையத்தின் ஆராய்ச்சிக் கண்காணிப்பில் நடத்தப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, இந்தப் பகுதி செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தபோது, 1968-இல் இங்கே தொடங்கிய பெரிய பி.சி.ஜி. பரிசோதனை, அந்தத் தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுப்பதில்லை என்ற கசப்பான உண்மையையும் உலகுக்கு எடுத்துச் சொன்னது.

அந்தச் சென்னை நிலையம் ஆராய்ந்த மற்றொரு விஷயம், உடல் மருந்தை என்ன செய்கிறது என்ற நம் முதற் கேள்விக்கு நேரான விடையாகும். ஐசோனியாசிட்டைக் கல்லீரல் அசிடைல் ஏற்றிச் செயலற்றதாக மாற்றுகிறது. இந்த வேலையைச் சிலருடைய கல்லீரல் வேகமாகவும் சிலருடையது மெதுவாகவும் செய்கிறது. வேகக்காரரின் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரமும், மெதுக்காரருக்கு மூன்று மணி நேரமும் ஆகின்றன. இது பிறப்பிலேயே அமைந்த பேதம். தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுக்காரர்கள். ஒரே அளவு மருந்தை உட்கொண்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் கைகால்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றுவதன் காரணத்தை இந்த ஒரே செய்தி விளக்கிவிடுகிறது. ஐசோனியாசிட், உடலிலுள்ள பைரிடாக்சினைக் குறைப்பதாலேயே அந்த நரம்புக் கோளாறு வருகிறது. மெதுக்காரரிடம் மருந்து நெடுநேரம் தங்குவதால் ஆபத்தும் அதிகம். நாள்தோறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சின் கொடுத்தால் அது தடுக்கப்படுமென்று அந்த நிலையத்தார் 1960-களிலேயே காட்டினார்கள். ஆகையால் நோயாளி, ‘சிஸ்டர், பாதம் எரியுது’ என்று சொல்லும்போது, உலை அருகே நின்ற சூடு என்று தட்டிக் கழிக்காமல் கேஸ் ஷீட்டில் பைரிடாக்சின் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; மருந்தியல் கற்றவரின் கண் அங்கேதான் போகும்.

இன்றைய தேசியத் திட்டத்தில் முதல் இரண்டு மாதங்களுக்கு நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தரப்படுகின்றன: ஐசோனியாசிட் 75, ரிபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எதாம்புடால் 275 மில்லிகிராம். 35 முதல் 49 கிலோ வரை எடையுள்ளவருக்கு நாள் ஒன்றுக்கு மூன்று மாத்திரை. 50 முதல் 64 வரை நான்கு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: 48 கிலோ எடையுள்ள நோயாளிக்கு மூன்று மாத்திரையில் கிடைக்கும் ஐசோனியாசிட் 225 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 4.7. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று புத்தகத்தில் படித்தது எங்கிருந்து வருகிறது என்பதும், எடை மிஷினில் நோயாளியை நிறுத்தும் அற்பமாகத் தோன்றும் வேலை எவ்வளவு பெரிய வேலை என்பதும் அப்போது தெரியவரும். மற்ற மூன்று மருந்துகளையும் நோயாளியின் வாழ்க்கையோடு இணைத்தே கற்கவேண்டும். ரிபாம்பிசின் சிறுநீரையும் கண்ணீரையும் ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ரத்தம் போகிறது என்று அஞ்சிப் பலர் மருந்தையே நிறுத்திவிடுவார்கள். அது கல்லீரலின் நொதிகளைத் தூண்டி மற்ற மருந்துகளை விரைவில் அழிக்கச் செய்வதால், கருத்தடை மாத்திரை உண்ணும் பெண் தொழிலாளிக்கு அந்த மாத்திரை பயனற்றுப் போகும். இதைக் கூச்சமின்றிச் சொல்லவேண்டியவர் நீங்களே. எதாம்புடால் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேற்றுமையைக் கண் இழக்கும்படி செய்யக்கூடும். மின்கம்பிகளின் நிறத்தைப் பார்த்து வேலை செய்பவரிடம் இதைக் கேளாமல் விடுவது பெருங்குற்றம். பைராசினமைடால் மூட்டு வலிக்கும். பசியின்மை, வாந்தி, கண் மஞ்சளித்தல் ஆகிய மூன்றும் கல்லீரல் கேட்கும் அபயக்குரல். அடுத்த மாத்திரையைக் கொடுக்குமுன் டாக்டருக்குத் தெரிவியுங்கள். நோயாளி மது அருந்துபவரானால் இன்னும் விழிப்பாக இருங்கள்.

காசநோயாளியிடம் முதற் கேள்வியைக் கற்றோமானால், இரண்டாவதைக் கற்பிப்பவர் பூச்சிமருந்து குடித்துக் கொண்டுவரப்படுபவர். ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து, அசிடைல்கோலினை அழிக்கும் நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அழிவின்றிப் பெருகிய அசிடைல்கோலின் ஏற்பிகளை ஓயாமல் தூண்டுவதால், எச்சிலும் வியர்வையும் பெருகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மார்பில் சளி நிறைந்து நோயாளி மூச்சுத் திணறுகிறார். இதற்கு முறிமருந்தாகப் போடப்படும் அட்ரோபின் அந்த நொதியை விடுவிப்பதில்லை. ஏற்பியின் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, அசிடைல்கோலினை அணுகவொட்டாமல் செய்கிறது. இருவருக்கும் இடையே போட்டி என்பதால், எதிரி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அட்ரோபினும் வேண்டும். ஆபரேஷனுக்கு முன் 0.6 மில்லிகிராம் போடுவதைப் பார்த்துப் பழகிய மாணவி, இங்கே முதல் வேளையிலேயே 1.8 முதல் 3 மில்லிகிராம், அதாவது 0.6 மில்லிகிராம் ஆம்பூல் மூன்று முதல் ஐந்து வரை உடைக்கச் சொல்வதையும், ஐந்து நிமிஷத்தில் நிலைமை சீராகாவிட்டால் அதை இரட்டிப்பாக்கச் சொல்வதையும் கேட்டுத் திகைப்பாள். ‘அட்ரோபினின் அளவு என்ன?’ என்ற வினாவுக்கு எண் ஒன்றை விடையாக எழுதும் வழக்கம் எவ்வளவு குறையுடையது பாருங்கள். மார்புச் சளி வற்றி, அக்குள் உலர்ந்து, நாடியும் ரத்த அழுத்தமும் உயரும்வரை என்பதே இங்கே விடை. அந்த அடையாளங்களைப் பார்த்துக் குறிப்பவர் நர்ஸ். அளவு மீறினால் ஜுரமும் பிதற்றலும் வரும், குடலின் ஓசை நின்றுபோகும். இன்னொன்றையும் மறவாதீர்கள். தசைகளில் உள்ள ஏற்பிகள் வேறு ஜாதி. அட்ரோபின் அவற்றைத் தொடாது. எனவே மார்பு தெளிந்த நோயாளிக்குக்கூட இரண்டாம் மூன்றாம் நாளில் கழுத்துத் தசை சோர்ந்து மூச்சு நின்றுபோகலாம். ‘தலையைத் தலையணையிலிருந்து தூக்குங்கள்’ என்று நேரத்துக்கு நேரம் கேட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

பாம்புக்கடியை இங்கே ஒரு காரணத்துக்காக மட்டும் சேர்க்கிறேன். காசமருந்து எடைக்கு ஏற்பக் கொடுக்கப்படுகிறது என்று கண்டோம். விஷமுறிவு மருந்தோ குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவில் கொடுக்கப்படுகிறது. பாம்பு, கடிக்கப்பட்டவரின் எடையைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, முறிக்கவேண்டியது விஷத்தையே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் அந்த மருந்து, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதாதலால் ஒவ்வாமை எந்த நிமிஷத்திலும் வரலாம். அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்துக்கொண்டே பாட்டிலைத் தொடங்கவேண்டும். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தை வடநெம்மேலியில் சேகரித்துவரும், 1978-இல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரின் உறவினர்கள் உங்கள் ஜில்லாவிலும் நோயாளிகளாக வருவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கும்மிடிப்பூண்டி உருக்காலையிலிருந்து வருபவர் பெரும்பாலும் இத்தகைய அவசர நோயாளியாக இரார். முதுகுவலி, மூட்டுவலி, தலைவலி என்று மருந்துக்கடையில் சொல்லி, காகிதத்தில் மடித்துக் கொடுத்த பெயரறியாத மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கியிருப்பார். அவற்றில் டைக்ளோபினாக் போன்ற வலிமருந்து இருப்பது வழக்கம். வலியை உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருளையே, உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் தன் ரத்தநாளங்களை விரித்துவைக்கப் பயன்படுத்துகிறது. உலை முன் நின்று வியர்வையாய் நீரை இழந்தவரிடம் வலிமருந்து அந்த விரிவையும் தடுத்துவிட்டால், சிறுநீரகத்துக்கு ரத்தம் எட்டாமற்போகும். ‘இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள்?’ என்று நீங்கள் கேட்பது உபசார வார்த்தை ஆகாது. மருந்தின் தோஷத்தைத் தேடும் விசாரணை அது. சளிக்கு ஒன்று, ஜுரத்துக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று வாங்கிய மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். பெரியவருக்கு அதன் ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம்.

கணக்கைக் கண்டு அஞ்சுவோர் பலர். தேவைப்படுவது எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அலகைத் தவறவிட்டால் உயிர் போகும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இருவகையாக வருகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சும் பின்னதற்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சும் உரியவை. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லியைக் குறிக்கும். அதில் 100 யூனிட் இன்சுலினை அந்தக் கோடு வரை ஏற்றினால் உடலில் சேர்வது 20 அன்று, 50 யூனிட். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் குப்பியையும் சிரிஞ்சையும் வாங்கிச் சேர்த்துப் பார்த்த பிறகே, ‘எத்தனை பாயிண்ட் போட்டுக்கொள்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு அர்த்தம் உண்டு. பொட்டாசியம் குளோரைடையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்: 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கிறது, அதை ஒருபோதும் சிரையில் நேராகப் போடக் கூடாது, ட்ரிப்ஸில் கலந்து மெதுவாகவே ஏற்றவேண்டும். நேராகப் போட்டால் இருதயம் நின்றுவிடும்.

மருந்தின் பெயர்களைக் கற்பதில் அரசாங்க ஆஸ்பத்திரி மாணவர்க்கு ஒரு சௌகரியம் உண்டு. 1994-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மூலப்பெயரிலேயே வாங்கி வழங்குவதால், வார்டு அலமாரியில் கம்பெனிப் பெயர்களின் குழப்பம் குறைவு. மூலப்பெயரின் ஈற்றைக் கவனிப்பவருக்கு மருந்துகள் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கும்: அட்டெனலால், மெட்டோபிரலால், புரோப்பிரனலால் என்பவை ஒரு குடும்பம், நாடியைத் தாழ்த்துபவை, எனலாபிரில், ராமிபிரில் மற்றொரு குடும்பம், வறட்டு இருமலைக் கொண்டுவரக்கூடியவை. தனியார் நர்ஸிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தபின் கம்பெனிப் பெயர்களைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். அவற்றையே முதலில் கற்றவருக்குச் சாஸ்திரம் பிடிபட ஆண்டுகள் ஆகும்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் எல்லாப் புத்தகங்களும் சொல்லுவதால் நான் விரிக்கவில்லை. ஆயினும் மொழி தெரியாத தொழிலாளியிடம் ‘1-0-1’ என்று எழுதிய சீட்டை நீட்டினால் அந்த ஐந்தில் ஒன்றேனும் தவறுவது நிச்சயம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பதைச் சூரியனும் சந்திரனும் வரைந்து காட்டுங்கள். உடன் வந்தவரிடம் அவருடைய பாஷையில் சொல்லச் சொல்லி, நோயாளி அதை விரலால் திரும்பக் காட்டும்வரை விடாதீர்கள்.

படிக்கும் முறையைப் பற்றி இறுதியாக ஒரு யோசனை. வார்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும், உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளியின் கேஸ் ஷீட்டிலிருந்து ஒரே ஒரு மருந்தை எடுத்து, அது எந்த வழியாக நுழைகிறது, எங்கே உருமாறுகிறது, எப்படி வெளியேறுகிறது, எந்த ஏற்பியையோ நொதியையோ தொடுகிறது, இந்த நோயாளியிடம் எந்தத் தீமையைச் செய்யக்கூடும், அதை நான் எந்த அடையாளத்தால் அறிவேன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நோயாளியின் பெயரை எழுத வேண்டாம். வயதும் எடையும் தொழிலும் போதும். அந்தக் கடைசி வினாவுக்குக் கிடைக்கும் விடை உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. மருந்தினால் நேரும் தீங்குகளைத் திரட்டுவதற்காக 2010-இல் தொடங்கப்பட்ட தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காஜியாபாத்திலுள்ள இந்திய பார்மகோபியா கமிஷனால் நடத்தப்படுகிறது. டாக்டர்கள் மட்டுமே அதற்கு அறிக்கை அனுப்பலாம் என்ற எண்ணம் தவறு. நர்ஸுகளும் அனுப்பலாம், 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசியும் தெரிவிக்கலாம். உங்கள் கல்லூரியில் அதற்குரிய படிவம் இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.